கனடா பி.ஆர்: 469 பாயின்ட் இருந்தும் அழைப்பு வராதது ஏன்?

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து ஒரு மாமா கேட்பார்: “என்னப்பா, கனடா என்னாச்சு? எங்க தெருவுல ஒரு பையன் ஆறே மாசத்துல போயிட்டானே!” நீங்கள் பாயசத்தைப் பார்த்துக்கொண்டே, “ப்ரொஃபைல் போட்டிருக்கேன் மாமா, டிரா வரணும்” என்பீர்கள். டிரா என்றதும் அவருக்கு லாட்டரிதான் ஞாபகத்துக்கு வரும். அவர் நினைப்பதும் முழுக்கத் தப்பில்லை.

அந்தப் பையன் கதை பொய்யாக இருக்காது. 2017-லோ 2019-லோ போயிருப்பான். 2017 மே மாதத்தில் கட்-ஆஃப் 420-க்கும் கீழே இறங்கியிருந்தது. 2019 ஜனவரி கடைசியில் 438. அதே டிகிரி, அதே அனுபவத்தோடு இன்றைக்கு அவன் ப்ரொஃபைல் போட்டிருந்தால், உங்கள் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருப்பான்.

கனடாவுக்குப் போகலாமா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. இங்கே பார்க்கப்போவது கணக்கை மட்டும்தான். உங்கள் பாயின்ட் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தத் தேதிக்கு மேல் கரைய ஆரம்பிக்கும்? இங்கே உள்ள எண்கள் 2025 முடிவு வரையிலான நிலவரம். கனடா குடிவரவுத் துறை விதிகளை அடிக்கடி மாற்றும். அதனால், யாருக்காவது பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய இணையதளத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

67 வந்தா பாஸ் இல்லையா?

ஏஜென்ட் ஆபீஸில் ஏ.சி-யைப் போட்டு உட்காரவைத்து முதலில் சொல்வது இதுதான்: “67 பாயின்ட் வேணும் சார். உங்களுக்கு 70 வருது. எலிஜிபிள்!” பொய் இல்லை. ஆனால் அது வாசல் கேட்டில் நுழைவதற்கான மார்க். வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாம் சேர்த்து 100-க்கு 67 எடுத்தால், எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பெரிய கூட்டத்துக்குள் போய் நிற்கலாம். அவ்வளவுதான். அந்தக் கூட்டத்திலிருந்து யாரைக் கூப்பிடுவது என்பதற்கு வேறொரு மார்க் இருக்கிறது. அதன் பெயர் சி.ஆர்.எஸ். அது 1,200-க்குப் போடப்படுவது. 67-ல் பாஸ் ஆன லட்சக்கணக்கானவர்கள் அங்கே வரிசையாக நிற்கிறார்கள்.

நமக்குப் பழக்கமான இன்ஜினீயரிங் கவுன்சலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் கட்-ஆஃப் என்பது பாஸ் மார்க் கிடையாது, வரிசை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கவுன்சலிங்கில் உங்கள் நம்பர் ஒரு நாள் வந்தே தீரும். ஏதோ ஒரு காலேஜாவது கிடைக்கும். இங்கே வரிசை மூடுவதே இல்லை. உங்களைவிட அதிக மார்க் உள்ளவர் நேற்று ராத்திரி ப்ரொஃபைல் போட்டாலும், காலையில் உங்களுக்கு முன்னால் நிற்பார்.

இந்தப் பாயின்ட் முறையை உலகத்தில் முதலில் கொண்டுவந்தது கனடாதான், 1967-ல். அப்போது 100-க்கு 50 எடுத்தால் போதும். தகுதி இருந்த எல்லோருடைய விண்ணப்பத்தையும் வாங்கியதால் பிற்காலத்தில் ஃபைல்கள் மலையாகக் குவிந்தன. 2012-ல் ஒரு சட்டம் போட்டு, 2008 பிப்ரவரி 27-க்கு முன் விண்ணப்பித்து முடிவு தெரியாமல் காத்திருந்த சுமார் 2,80,000 பேரின் ஃபைல்களை மூடி, கட்டிய ஃபீஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். பல வருஷம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது அந்த ஃபீஸ் மட்டும்தான். அந்தத் தலைவலிக்குப் பிறகு 2015 ஜனவரியில் வந்ததுதான் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. இதில் ஃபைல் குவியாது. உங்களை யாரும் நிராகரிப்பதும் இல்லை. கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள், 12 மாதத்தில் ப்ரொஃபைல் தானாகக் காலாவதியாகிவிடும்.

ஓகே, இப்போ கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கிறீர்கள். வயது 29, கல்யாணம் ஆகவில்லை, மாஸ்டர்ஸ் டிகிரி, 3 வருஷ அனுபவம். கனடாவில் படித்ததும் இல்லை, வேலை பார்த்ததும் இல்லை. ஐ.இ.எல்.டி.எஸ்-ல் லிஸனிங் 8, மற்ற மூன்றிலும் தலா 7. இதை சி.எல்.பி 9 என்பார்கள்.

வயதுக்கு 110. மாஸ்டர்ஸுக்கு 135. ஆங்கிலத்துக்கு 124. அப்புறம் படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்தால் 50, அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்தால் இன்னொரு 50. மொத்தம் 469. வெறும் பி.இ மட்டும் என்றால் இதே ஆளுக்கு 429.

இப்போது இதே 469-ல் ரைட்டிங்கில் மட்டும் 7-க்குப் பதில் 6.5 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை பேண்டுதானே? ஆங்கிலத்துக்கான 124, 116 ஆகும். எட்டு பாயின்ட்தான் போச்சு என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு 50-களும் நான்கு பிரிவிலும் சி.எல்.பி 9 இருந்தால்தான் முழுசாகக் கிடைக்கும். ஒன்று குறைந்தாலும் தலா 25 ஆகிவிடும். ஆக மொத்தம் 411. அரை பேண்டுக்கு 58 பாயின்ட்!

லிஸனிங்கில் இன்னும் கொடுமை. ரீடிங் 9, ரைட்டிங் 7, ஸ்பீக்கிங் 7.5, லிஸனிங் 7.5 வந்தால் சர்டிஃபிகேட்டில் மொத்தம் 8 பேண்ட் என்று அழகாக அச்சடித்து வரும். வீட்டில் கேசரி கிண்டுவார்கள். கனடா கணக்கில் நீங்கள் சி.எல்.பி 8-க்கு இறங்கிவிட்டீர்கள், ஏனென்றால் லிஸனிங்கில் மட்டும் 8 வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், மற்ற எதற்கும் அலைவதற்கு முன் உங்கள் நேரத்தையும் காசையும் இந்தத் தேர்வில் போடுங்கள். அரை பேண்டில் தவறவிட்டால் மறு மதிப்பீடு கேட்கலாம். மார்க் மாறினால் அதற்குக் கட்டிய காசு திரும்ப வரும். பி.டி.இ கோர், செல்பிப் தேர்வுகளையும் கனடா ஏற்கிறது. கம்ப்யூட்டரில் பேசுவது உங்களுக்குச் சரிப்படும் என்றால் யோசியுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ் என்றால் ஜெனரல் டிரெயினிங்தான் எழுத வேண்டும். அகாடமிக் எழுதிவிட்டு வந்து முழிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

சரி, 469 இருக்கு. கூப்பிடுவாங்களா?

எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து மார்க் பார்க்கும் பொது டிரா 2024 ஏப்ரலுக்குப் பிறகு 2025 முடியும்வரை நடக்கவில்லை. அதற்கு முன்பே அதன் கட்-ஆஃப் 520-ஐத் தாண்டிப் போயிருந்தது. கனடாவுக்குள் ஏற்கெனவே ஒரு வருஷமாவது வேலை பார்த்தவர்களுக்குத் தனி டிரா உண்டு. அது 2025 முழுக்க 500-க்குக் கீழே இறங்கவே இல்லை. மே மாதத்தில் 547 வரை போனது. ‘படிக்கப் போய், அங்கேயே வேலை பார்த்து, பி.ஆர் வாங்கிடலாம்’ என்று லோன் போட்டுப் போனவர்கள் இந்த 500-களில்தான் மாட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு பாயின்ட்டோடு சேர்த்து வொர்க் பெர்மிட் முடியும் தேதியும் கழுத்தைப் பிடிக்கும்.

மற்றபடி 2023-லிருந்து குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும் டிரா நடத்துகிறார்கள். ஐ.டி-காரர்கள் இதை நம்பித்தான் இருந்தார்கள். 2024 ஏப்ரலில் ஸ்டெம் பிரிவில் 491-க்கு 4,500 பேரைக் கூப்பிட்டார்கள். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலைச் சுருக்கியபோது சாஃப்ட்வேர் இன்ஜினீயர், டேட்டா சயின்டிஸ்ட் எல்லாம் வெளியே. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் உள்ளே. நம்ம ஊரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐ.டி-க்கு மாறினவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள், அழாமல் இருந்தால்.

நர்ஸிங் படித்தவர்கள் நிலைமை தேவலாம். மருத்துவத் துறைக்கான டிரா 2025 நடுவில் 500-ஐத் தாண்டியிருந்தாலும், ஆண்டின் பிற்பாதியில் 460, 470-களுக்கு இறங்கியது. அழைப்பு வேறு, அங்கே நர்ஸாக வேலை பார்க்க லைசென்ஸ் வேறு என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று. கூப்பிடும் ஆட்களின் எண்ணிக்கையே சுருங்கிவிட்டது. 2025-ல் மொத்தம் 5 லட்சம் பேருக்கு பி.ஆர் என்று முன்பு திட்டம் போட்டிருந்தார்கள். 2024 அக்டோபரில் அதை 3,95,000 ஆகக் குறைத்தார்கள். வீட்டு வாடகையும் வீட்டு விலையும் அங்கே அரசியல் பிரச்னையாகி, மக்கள் கோபம் குடியேற்றத்தின் மேல் திரும்பியதுதான் காரணம். உங்கள் ஆங்கிலமோ, மாஸ்டர்ஸோ ஒன்றும் குறையவில்லை. கோடுதான் மேலே நகர்ந்தது.

வெயிட் பண்ணா என்ன ஆகும்?

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. 29 வயது வரை வயதுக்கு முழு 110. 30-வது பிறந்தநாள் அன்றைக்கு 105. பிறகு வருஷத்துக்கு ஐந்தோ ஆறோ குறையும். 35-ல் 77. 40-ல் 50. அதற்கு மேல் வருஷத்துக்கு 11 வீதம் போய், 45-ல் பூஜ்யம்.

‘வயசு குறைஞ்சா என்ன, அனுபவம் கூடுமே!’ கூடாது. வெளிநாட்டு அனுபவத்துக்கான பாயின்ட் 3 வருஷத்தோடு நின்றுவிடும். நான்கு வருஷமும் ஒன்றுதான், பதினான்கு வருஷமும் ஒன்றுதான். அதாவது 29 வயதில் 469 வைத்திருப்பவர் எதுவுமே செய்யாமல் காத்திருந்தால் 35-ல் 436. ஆபீஸில் அவர் சீனியர் ஆகியிருப்பார், டீம் லீட் ஆகியிருப்பார். கனடா கண்ணுக்கு அவர் 33 பாயின்ட் மட்டமாகிவிட்ட ஆள்.

அதனால் ‘கட்-ஆஃப் இறங்கும், வெயிட் பண்ணலாம்’ என்பது ஒரு திட்டமே இல்லை. 2021 பிப்ரவரியில் ஒரே நாளில் 27,332 பேரை 75 பாயின்ட்டுக்குக் கூப்பிட்டார்களே என்று இன்னமும் உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. கொரோனாவால் எல்லை மூடியிருந்தபோது, ஏற்கெனவே கனடாவுக்குள் இருந்தவர்களுக்காக நடந்த டிரா அது. வெளியே இருந்தவர்களுக்கு அந்தச் சமயத்தில் ஒன்றரை வருஷத்துக்கும் மேல் டிராவே கிடையாது. திரும்ப 2022 ஜூலையில் ஆரம்பித்தபோது கட்-ஆஃப் 557.

கல்யாணம் ஆனா பாயின்ட் குறையுமா?

ஆகும்போது குறையும், மனசு வைத்தால் ஏறும். துணையோடு போகிறீர்கள் என்றால் உங்களுடைய வயது, படிப்பு, ஆங்கிலம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, அதைத் துணையின் பக்கம் வைக்கிறார்கள். நம்ம 469 உடனே 442 ஆகிவிடும். துணையும் மாஸ்டர்ஸ் படித்திருந்து, சி.எல்.பி 9 எடுத்தால் 30 சேர்ந்து 472. அதனால் இரண்டு பேரும் தேர்வு எழுதுங்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் கணவர் பெயரில்தான் ப்ரொஃபைல் போட வேண்டும் என்று யாருமே யோசிக்காமல் முடிவு செய்துவிடுகிறார்கள். மனைவிக்கு மூன்று வயது குறைவாக இருக்கும், ஆங்கிலம் நன்றாக இருக்கும், அவர் வேலை ஏதாவது ஒரு டிரா பட்டியலில்கூட இருக்கும். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கான கால்குலேட்டர் அரசுத் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. பத்து நிமிஷ வேலை.

வழி இருக்கா, இல்லையா?

இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. இரண்டும் கஷ்டம்.

முதலாவது பிரெஞ்சு. நான்கு பிரிவிலும் 7-ம் நிலை எடுத்தால், ஏறக்குறைய ஐரோப்பியக் கணக்கில் பி2, நம்ம உதாரண ஆளுக்கு 62 பாயின்ட் கூடும். 531. அதைவிட முக்கியம், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு நடக்கும் தனி டிரா. 2025 மார்ச் 21-ல் 379 பாயின்ட்டுக்கு 7,500 பேரைக் கூப்பிட்டார்கள். ஆகஸ்ட்டில் அதுவே 481 ஆனது. ஆனாலும் மற்ற டிராக்களோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் வகுப்புகள் இருக்கின்றன. ஆறு மாசத்தில் பி2 என்று விளம்பரம் பார்த்தால் தள்ளிப் போங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் ஒன்றரை, இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். அந்த இரண்டு வருஷத்தில் வயதுக்காக இழப்பது பத்து, பதினொரு பாயின்ட்தான். ஆக, காத்திருப்பதில் அர்த்தமுள்ள ஒரே காத்திருப்பு இது.

இரண்டாவது, மாகாண நாமினேஷன். ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா போல ஏதாவது ஒரு மாகாணம் உங்களைத் தேர்ந்தெடுத்தால் அப்படியே 600 பாயின்ட். அதன்பிறகு அழைப்பு அநேகமாக நிச்சயம். (டிரா செய்தியில் ‘கட்-ஆஃப் 750’ என்று பார்த்துப் பயந்திருப்பீர்கள். அது இவர்களுக்கானது. 600-ஐக் கழித்துவிட்டுப் பாருங்கள்.) சிக்கல் என்னவென்றால், 2025-க்கு மாகாணங்களுக்கான இலக்கை 1,20,000-லிருந்து 55,000 ஆக வெட்டினார்கள். பல மாகாணங்கள் ஏற்கெனவே அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே முன்னுரிமை கொடுத்தன. எந்த மாகாணம், எந்த வேலைக்கு ஆள் கேட்கிறது என்று மாதாமாதம் பார்ப்பவர்களுக்குத்தான் இதில் வாய்ப்பு.

அங்கே உடன்பிறந்தவர் பி.ஆரோ குடியுரிமையோ வாங்கியிருந்தால் 15 பாயின்ட். சித்தப்பா பையன் ஸ்கார்பரோவில் இருக்கிறான் என்பதற்கு ஒன்றும் கிடையாது.

வேலை வாங்கித் தருகிறேன், 50 பாயின்ட் சேரும், சில லட்சம் ஆகும் என்று யாராவது இன்னமும் சொன்னால் ஃபோனை வைத்துவிடுங்கள். வேலை ஆஃபருக்கான பாயின்ட்டையே 2025 மார்ச் 25-ல் எடுத்துவிட்டார்கள். காசுக்கு ஆஃபர் லெட்டர் விற்கும் மோசடி அந்த அளவுக்குப் போயிருந்தது. பொய்யான கடிதம் பிடிபட்டால் 5 வருஷத் தடை. தடை விழுவது உங்கள் மேல், ஏஜென்ட் மேல் அல்ல. ஆலோசகர் வேண்டுமென்றால், கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவு செய்தவரா என்று அவர்களுடைய தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்படிப் பதிவு செய்தவராலும் ஒரு பாயின்ட் கூட்டித் தர முடியாது.

ஆஸ்திரேலியா? அங்கே 65 என்பதுதான் நம்ம 67 மாதிரி வாசல் கேட். வயதுக்கு முழு பாயின்ட் 25-லிருந்து 32 வரை கிடைக்கும் என்பதால், 30-ஐத் தாண்டியவர்கள் அதையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியின் வாய்ப்பு அட்டை 2024 ஜூனில் வந்தது. 6 பாயின்ட் போதும், ஆனால் அது ஒரு வருஷம் அங்கே போய் வேலை தேடுவதற்கான அனுமதிதான்.

அழைப்பு வந்த பிறகுதான் உண்மையான ஓட்டம்

அழைப்பு வந்தால் 60 நாள். அதற்குள் எல்லாக் காகிதமும் ஏற்ற வேண்டும். இதில் ஆட்களைக் கவிழ்ப்பது அனுபவக் கடிதம். வேலைக்குச் சேர்ந்த தேதி, பதவி, சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தீர்கள் என்று எல்லாமே கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வேண்டும். நம்ம ஹெச்.ஆர் என்ன தருவார்? ‘இவர் இங்கே இந்தத் தேதி முதல் பணிபுரிந்தார், வாழ்த்துகள்’ என்று மூன்று வரி. வேலை விவரம் எழுதுவது கம்பெனி பாலிசி இல்லை என்பார். பழைய கம்பெனி என்றால் மெயிலுக்குப் பதிலே வராது. அப்போது பழைய மேனேஜரிடம் விவரமாக ஒரு கடிதம் வாங்கி, பே-ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் சேர்த்து, கம்பெனி ஏன் தரவில்லை என்று ஒரு விளக்கமும் வைப்பார்கள். இதை அழைப்பு வருவதற்கு முன்பே, அந்த மேனேஜரோடு பேச்சுவார்த்தை நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கடிதத்தில் உள்ள வேலைகள் நீங்கள் ப்ரொஃபைலில் போட்ட வேலைக் குறியீட்டோடு ஒத்துப்போக வேண்டும். பதவியின் பெயரை மட்டும் பார்த்துக் குறியீடு போட்டவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள்.

கடந்த 10 வருஷத்தில் ஆன்சைட் என்று எங்காவது தொடர்ந்து ஆறு மாசம் இருந்திருந்தால் அந்த நாட்டு போலீஸ் சர்டிஃபிகேட்டும் வேண்டும். மெடிக்கலை 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பிப்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். ஃபீஸ் ஒருவருக்கு 1,525 கனடா டாலர். அங்கே போய்ச் சமாளிக்கக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணம், தனி ஆளுக்கு 15,263 டாலர். ஏறக்குறைய ஒன்பதரை லட்சம். கடைசி வாரத்தில் மாமாவிடம் வாங்கி அக்கவுன்ட்டில் போட்டால் எடுபடாது. கடன் வாங்கிய பணம் கணக்கில் வராது, ஆறு மாதச் சராசரி இருப்பையும் பார்ப்பார்கள்.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாழ்க்கையை நிறுத்திவைப்பவர்களைத்தான் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது. எப்படியும் போயிடுவோமே என்று நல்ல வேலை மாற்றத்தை விடுவது, கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போடுவது. 440-ல் நின்றுகொண்டு, பிரெஞ்சும் படிக்காமல், பட்டியலில் இல்லாத வேலையில் இருந்தால், அந்தப் ப்ரொஃபைல் ஒரு மூலையில் இருக்கட்டும். புரொமோஷனை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தேதிகள். ஐ.இ.எல்.டி.எஸ் 2 வருஷம் செல்லும். டிகிரி மதிப்பீட்டு அறிக்கை 5 வருஷம். ப்ரொஃபைல் 12 மாதம். முடிந்தால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், அதற்குக் காசு இல்லை. ஆனால் கட்-ஆஃபில் உங்களோடு ஒரே மார்க்கில் பலர் நின்றால், யார் முதலில் ப்ரொஃபைல் போட்டார்களோ அவர்களைத்தான் கூப்பிடுவார்கள், நாள், மணி, நிமிஷம் வரை பார்த்து. புதிதாகப் போட்டால் அந்த நேரமும் புதிதாகிவிடும். அதனால் சும்மா சும்மா அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள்; புது மார்க் வந்தால், இருக்கிற ப்ரொஃபைலிலேயே திருத்திக்கொள்ளலாம்.